கண்மாய்க் கரையில் உன் பேர்

என் அண்ணே,

ஹாஸ்டலுக்கு எப்போதும் உன் கடிதம்தான் முதலில் வரும். இந்தத் தடவை நான் முந்திக்கொள்கிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்க முடியவில்லை. சேதியை மட்டும் எழுதுகிறேன்.

பறவைகள் வந்துவிட்டன. கண்மாய் முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நத்தைகொத்தி நாரைகள் சுள்ளி அடுக்குகின்றன. வடக்கேயிருந்து சிறகி வாத்துகளும் இறங்கியிருக்கின்றன. சரணாலயம் என்று அரசாங்கம் நட்ட பலகை, உன் சைக்கிள் இடித்தபோது சாய்ந்தது. இன்னும் அப்படியே.

தீபாவளிக்கு நாலு நாள். ஊரில் வெடிச் சத்தம் கிடையாது. "பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த புள்ளைக காதுல வெடி போடுவாகளா?" அம்மா வருஷா வருஷம் சொல்வதுதான். வெடிக்குப் பதிலாக ஊர்ப் பொதுவில் பலகாரம். கரையில் வைத்துக் கொடுப்பார்கள். பாதிப்பேர் அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

அந்தப் பலகாரத்தை முதன்முதலில் பாலிதீன் கவரில் போட்டவன் நீ. மூன்று வருஷம் ஆகிறது. உன் கடையின் மஞ்சள் கவர், சிவப்பு எழுத்தில் உன் பேர். தங்கராசு ஸ்டோர், மேலூர். "எண்ணெ ஒழுகாது, எறும்பு ஏறாது" என்றாய். ஊரே மெச்சியது. நானும்தான். ஹாஸ்டலுக்கு ஒரு கட்டு கேட்டு வாங்கிப் போனேன்.

போன மாசி. தண்ணீர் வற்றிய கரையில் நாம் இருவரும் நடந்தோம். தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு நாரைக்குஞ்சு தலைகீழாகத் தொங்கியது. செத்து இரண்டு நாள் இருக்கும். காலைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது ஒரு கவரின் கைப்பிடி. நீ அதை அறுத்து எடுத்து விரித்தாய். மஞ்சள். எழுத்துகூட மங்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய்.

"யார்ட்டயும் சொல்லாத."

எதற்காக அப்படிச் சொன்னாய்? வியாபாரம் கெடும் என்றா? வெட்கமா? இல்லை, யோசிக்கக் கொஞ்சம் நாள் கேட்டாயா? வைகாசியில் உனக்குக் காமாலை வந்தது. கேட்க நேரமில்லாமல் போயிற்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுவரை.

நேற்று மத்தியானம் சித்தப்பா வந்தார், பலகாரத்துக்குக் கவர் கேட்டு. உன் கடையில் மிஞ்சிய கட்டுகள் நம் வீட்டுப் பரணில் இருக்கின்றன. இது நமக்குத் துக்க வருஷம். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது. ஊருக்குக் கொடுக்க நம்மிடம் இருந்தவை அந்தக் கவர்கள் மட்டும்தான்.

"பலகாரந்தான் சுட முடியல. எம்மவன் பேராவது வீட்டுக்கு வீடு போகட்டும்." அம்மா பரணில் ஏணியைச் சாத்தினாள்.

"குடுக்க வேணாம்மா."

"ஏன்டி?"

சொன்னேன். குஞ்சை. அதன் காலை. நீ அறுத்ததை. சொல்லாதே என்றதைக்கூட.

சித்தப்பா சிரித்துவிட்டார். "அப்ப எதுல போட? பேப்பர்லயா? வீடு போய்ச் சேருமுன்ன அதிரசத்துல இருக்க அம்புட்டு எண்ணெயையும் பேப்பர் குடிச்சிரும். அதிரசத்துல ஒட்டுன சேதிய வாசிச்சுக்கிட்டே திங்க வேண்டியதுதான். படிச்ச புள்ள யோசனையில்ல." அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"செத்தவன் மேல பழி போடுறியா?" அம்மாவின் குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "எம்மவன் பேரு குப்பையிலயா கெடக்கு? வா. காட்டு."

கண்மாய்க்குக் கிளம்பினோம். அவள் முன்னால் நடந்தாள்.

தண்ணீரின் விளிம்பில் நீளக் கோடாகக் கிடந்தன கவர்கள். போன தீபாவளிக்கு நாம் வீசியவை. மதுரையிலிருந்து பறவை பார்க்க வந்தவர்கள் போட்டவை. காற்று கொண்டுவந்தவை. மரத்தில் ஒரு நாரை மஞ்சள் கிழிசல் ஒன்றைச் சுள்ளிகளுக்கு நடுவே சொருகிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தாள். ரொம்ப நேரம்.

பிறகு குனிந்து ஒரு கவரை எடுத்தாள். சேற்றை வழித்தாள்.

"இதுல எது அவன் பேரு?"

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதை நான் மறந்திருந்தேன். காட்டினேன். ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்துப் பார்த்தாள். மடியில் செருகிக்கொண்டாள். அடுத்ததை எடுத்தாள். வெள்ளைக் கவர், நீல எழுத்து. ஏதோ ஜவுளிக்கடை.

"இது?"

உன் கவர் மஞ்சள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாளா? நான் யோசிக்கவில்லை.

"அதுவும் அண்ணன் பேருதாம்மா."

என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அதையும் மடியில் செருகினாள். வெயில் தாழும்வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

பலகாரம் பேப்பரில்தான் போகப் போகிறது. சித்தப்பா முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். பரணில் இருப்பதைத் தொட அம்மா விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கூட்டுக்குள் போய்விட்டதை மட்டும் இனி எடுக்க முடியாது. குஞ்சு பறக்கும்வரை மரத்தடிக்கு யாரும் போகக் கூடாது. அதற்குள் எந்தக் காலைச் சுற்றுமோ.

மாசியில் தண்ணீர் வற்றட்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். கிளை கிளையாகப் பார்த்து எடுப்போம். அடுத்த மாசியும், அதற்கடுத்த மாசியும். யாருடைய கவராக இருந்தாலும் அவள் கேட்பாள், நான் உன் பேரைத்தான் சொல்வேன்.

உன் பேச்சை மீறிய,
உன் கூடப்பிறந்தவள்