மல்லாந்து வரைந்த படம்

ஜூன் 4

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

தெரு முழுக்க உன்னை அழைக்கும் பெயரைச் சொல்லியே தொடங்குகிறேன், வண்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்பதால். போனில் நான் 'உம்' கொட்டுவதோடு சரி என்று நீ கோபித்துக்கொண்டதால் இந்தக் கடிதம். தோள் எப்படி இருக்கிறது?

"ஸ்டீயரிங் லேசானா வரேன். இல்லாட்டி வண்டியை வித்து, நாற்றுப் பண்ணையை மூடிடுங்க. நான் மக வீட்டிலேயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இறக்கத்து வளைவில் நீ முழு பலத்தோடு இழுத்தும் ஸ்டீயரிங் திரும்பாமல் மதிலில் போய் மோதிய சத்தம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதை இன்னும் விட்டுப் போகவில்லை. லேசாகாவிட்டால் நீ வரமாட்டாய். லேசானால் மறுபடி ஓட்டுவாய். எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியவில்லை.

மெக்கானிக்கைப் பார்த்தேன். "உங்க மாமனார் காலத்து பிக்கப் சார், இதுக்குன்னு பவர் ஸ்டீயரிங் எங்கேயும் செஞ்சு வைக்கல. வேற வண்டியோட ஸ்டீயரிங் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தணும். சேஸிஸ்ல ஓட்டை போடணும்" என்றார். உன் அப்பாவின் வண்டி. நீ சரி என்றால்தான் ஓட்டை போடுவோம்.

அளவெடுத்துப் படம் வரைந்து தருகிறேன் என்று நானாகவே அவரிடம் சொல்லிவிட்டேன். நில அளவை அலுவலகத்தில் ஆயுள் முழுக்க வரைபடம் வரைந்தவனுக்கு இதுகூடவா வராது என்று ஒரு துணிச்சல். வீடு திரும்புவதற்குள் அது போய்விட்டது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 11

என்னங்க,

தோள் தேவலை. நானே தலை சீவிக்கிறேன்.

ஓட்டை போடுங்க. எங்கப்பா அந்த வண்டியில போடாத ஓட்டையா? குடை மாட்டவே ரெண்டு போட்டிருக்கார். அடியில படுத்து அளக்கறப்ப பழைய சட்டையைப் போட்டுக்குங்க, எண்ணெய்க் கறையெல்லாம் நான் வந்து துவைக்க மாட்டேன். பயமா இருந்தா பயந்துகிட்டே செய்யுங்க, வேலை நின்னுடக் கூடாது.

மாப்பிள்ளை எனக்குன்னு ஒரு ரூமை ஒழிச்சுக் கொடுத்திருக்கார். பெரிய ஜன்னல். நல்லாத்தான் இருக்கு. சொல்லி வைக்கிறேன்.

உங்க டிரைவரம்மா


ஜூலை 2

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

பெரிய ஜன்னல் என்று படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வேலை முடிந்தது. நடுவில் ஒரு தப்பு நடந்தது. மறைக்காமல் சொல்கிறேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, மேலே தெரிந்ததை அப்படியே வரைந்தேன். ஒவ்வொரு அளவையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கீழிருந்து பார்க்கும்போது இடம் வலமாகும் என்பதை மட்டும் படத்தில் குறிக்க மறந்தேன். பழைய இரும்புக்கடைக்காரர் படத்துக்கு ஏற்றபடி எதிர்ப்பக்கத்துப் பெட்டியாகவே எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக்கும் படத்தை நம்பி மாட்டினார்.

நல்லவேளை, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துத்தான் எஞ்சினை ஓடவிட்டார். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினார். சக்கரங்கள் இரண்டும் மெதுவாக வலப்பக்கம் திரும்பின. அங்கே கிடந்த பழைய டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வளைவில் நீ இடப்பக்கம் ஒடிப்பதும் வண்டி வலப்பக்கம் பள்ளத்தில் இறங்குவதும் கண்ணுக்குள் ஓடியது.

மெக்கானிக் சிரித்தார். "மல்லாக்கப் படுத்துப் பார்த்தா உலகமே மாறித்தான் சார் தெரியும். வண்டி இப்ப உங்க வீட்டம்மா மாதிரி ஆயிடுச்சு, நீங்க ஒரு பக்கம் சொன்னா அது ஒரு பக்கம் போகுது." இதை எழுதலாமா என்று யோசித்தேன்.

வேறு பெட்டி மாட்டியாயிற்று. எண்ணெய்க் குழாயில் காற்று இருந்ததால் ஸ்டீயரிங் பம்ப் முதலில் ஓலமிட்டது. பிறகு அடங்கியது. எல்லா போல்ட்டையும் நான் முடுக்கிப் பார்த்தேன். மெக்கானிக் மைதானத்தைச் சுற்றி ஓட்டினார், ஒரு விரலால் திருப்பினார். நான் வெளியே நின்று சக்கரங்களைக் கவனித்தேன். சந்தைவரை ஓட்டிப் பார்க்கலாம், ஏறுங்கள் என்றார். அவரைப் போகச் சொல்லிவிட்டு நான் பஸ்ஸில் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தேன்.

நீ வரலாம் என்றுதான் நினைக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 9

என்னங்க,

மெக்கானிக் கிட்ட சொல்லி வையுங்க, வந்து கவனிச்சுக்கிறேன்.

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். வண்டிக்கு அடியில படுத்திருக்கீங்க. டயர் மேல உட்கார்ந்திருக்கீங்க. வெளியில நின்னு பார்த்திருக்கீங்க. சந்தைக்கு நம்ம வண்டியே போகுது, நீங்க பஸ்ல போறீங்க. ஒரு இடத்திலயாவது உள்ள உட்கார்ந்தேன்னு எழுதியிருக்கீங்களான்னு தேடினேன். இல்ல.

கோபம் இல்லீங்க. எனக்கும் அந்த மதிலு கனவுல வருது. மகள்கிட்ட சொல்லல, தோள் வலின்னு சொல்லி வெச்சிருக்கேன். ஸ்டீயரிங் கனம் ஒரு சாக்குதான். இத்தனை வருஷமும் பக்கத்து சீட்டுல நீங்க டேஷ்போர்டைப் பிடிச்சுகிட்டு 'மெதுவா, மெதுவா'ன்னு முணுமுணுப்பீங்க. எரிச்சலா வரும். அந்தச் சத்தம் இல்லாம எனக்கு ஓட்ட வராதுங்க.

நீங்க உட்காருவீங்கன்னா வரேன். இல்லைன்னா வித்துடலாம். நெஜத்தைச் சொல்லுங்க.

உங்க டிரைவரம்மா


ஜூலை 15

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

இதை வண்டிக்குள் இருந்து எழுதுகிறேன். பக்கத்து இருக்கை. வண்டி வாசலில்தான் நிற்கிறது. கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே தரையில் ஊன்றியிருக்கிறேன். உள்ளங்கை வேர்த்துத் தாள் ஈரமாகிறது.

மெக்கானிக் உன் இருக்கையில் இருக்கிறார். எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டேன். இனி எழுத்து நடுங்கினால் பாதிப் பழி எஞ்சினுக்கு.

காலை உள்ளே எடுத்துக்கொண்டேன்.

"சாத்தட்டுமா சார்?" என்கிறார். வேண்டாம், நானே சாத்துகிறேன்.

சாத்திவிட்டேன்.

இங்கிருந்து தெரியும் தெருவை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். இந்த முறை உட்கார்ந்து வரைந்தது. இடமும் வலமும் சரியாக இருக்கின்றனவா என்று வந்து பார்த்துச் சொல். மெதுவாக வா.

உன் வீட்டுக்காரன்