முன் டயர் இரண்டும்

அன்பான அக்கா,

நேற்று கிளப் பந்தயப் பாதையில் நம் குட்டிப் பொம்மைக் கார் முதல் வளைவிலேயே மூன்று முறை குட்டிக்கரணம் போட்டது. கிளப்பே சிரித்தது. நான் பாதையைத் திட்டினேன், கையிலிருந்த கன்ட்ரோலரைத் திட்டினேன்.

டயரைக் குறை சொல்ல முடியாது. இருப்பதிலேயே மென்மையான ரப்பராக நான்கு வாங்கி, நீ செய்வது போலவே மோட்டாரை ஓடவிட்டு உப்புத்தாளில் தேய்த்தேன். டேப்பில் உருட்டித் தூசி எடுத்தேன். தொட்டால் விரலில் ஒட்டியது. நான்குமே!

வீட்டுக்கு வந்து, நீ கடைசியாக மாட்டிய பழைய டயர்களைத் தேடி எடுத்தேன். பின் டயர்கள் பிடித்தன. முன் டயர் இரண்டும் கண்ணாடி மாதிரி வழுக்கின. சுரண்டினால் மெல்லிய ஏடாக உரிந்து வந்தது, நகப்பாலிஷ்.

உன் கருவிப்பெட்டியில் அந்தப் பாட்டிலைப் பார்த்து, "யாருக்காக அக்கா இந்த அலங்காரம்?" என்று எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறேன்! காரின் அடியிலிருந்து பாதைப் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் முள்தான் காரைத் திருப்புகிறது, முன் டயர் பிடிக்கவே கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் எங்கே சொல்லவிட்டேன்!

நம் கார் ஜெயித்த மூன்று கோப்பையும் என் கைத்திறன் வாங்கியது என்றல்லவா நினைத்திருந்தேன். அன்று அத்தனை பேர் முன்னால், "ஓட்டுறது நான். நீ சும்மா டயர் தேய்க்கிறவதானே" என்றேனே.

அம்மா நலம். உன் நாற்காலியில் பூனை தூங்குகிறது.

ஞாயிறு மாலை போட்டி. ஓட்டுபவர் என்று உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். முன் டயர்களுக்கு இரண்டு பூச்சு பூசிக் காயவைத்திருக்கிறேன். நீ வந்து ஓட்டினால் போதும்.

இப்படிக்கு,
டயர் தேய்க்கிறவள்