வேறு காரணம் இருக்கலாம்

அன்புள்ள உங்களுக்கு,

அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே நம் வாண்டு நலம், அத்தை நலம், நானும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் ஆசை. தினமும் மாலையில் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை. அத்தை அடுத்த அறையில் இருக்கிறார். அப்படியே இல்லாவிட்டாலும், உங்கள் அம்மாவை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதை உங்களிடமே எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? ஆபீஸில், சாப்பாட்டு நேரத்தில், அனுப்ப வேண்டிய பார்சல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்திகள். வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறான். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் வந்து பார்த்து, துக்கம் விசாரிப்பது போல நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அப்புறம், இங்கிலீஷில் என் வெர்பல் மார்க் ஏறிவிட்டது. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு என்றால் கணக்கில் பாய்வாள், வெர்பலில் படுத்துக்கொள்வாள் என்று கேலி செய்வீர்களே, அந்த நான் கடைசி மாதிரித் தேர்வில் கோச்சிங் வகுப்பிலேயே இரண்டாவது. மாஸ்டர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். என் பழைய விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு மாஸ்டர் ஒரு நாள், “உங்களுக்கு இங்கிலீஷ் நல்லாத்தாம்மா வருது. எழுதினவன் சொல்றதையெல்லாம் அப்படியே நம்பிடுறீங்க, அதான் கோளாறு” என்றார். ஒரு பத்தி கொடுப்பார்கள், அதில் யாரோ ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அந்த முடிவில் எங்கே ஓட்டை, வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று, கீழே கொடுத்திருக்கிற ஆப்ஷன்களிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் மட்டும் பழகினால் போதாது, காதில் விழுகிற பேச்சிலெல்லாம் பழகுங்கள், யாராவது ‘அதனால’ என்றால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

நம் வீட்டில் நாளெல்லாம் ‘அதனால’ சொல்கிறவர் யார்? உங்கள் அம்மாதான். “தக்காளி இன்னைக்குப் பழுத்திருக்கு, அதனால கடைக்காரர் நல்லவர்.” “எதிர்வீட்டுக்காரி ரெண்டு நாளா சிரிக்கலை, அதனால அவளுக்கு நம்ம மேல ஏதோ கோபம்.” எனக்கு வேட்டைதான். எதிர்வீட்டம்மாவுக்குப் பல்வலியாக இருக்கலாம் அத்தை என்பேன். அத்தையும் சளைக்கவில்லை. வேண்டுமென்றே ஏதாவது சொல்லிவிட்டு, “எங்க, இதுல ஓட்டை கண்டுபிடி பாப்போம்” என்று கரண்டியும் கையுமாக நிற்பார். நான் படிக்க வேண்டும் என்று வாண்டுவைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனதும், டி.வி.யைச் சத்தமில்லாமல் ஊமைப் படம் மாதிரி பார்த்ததும் அவர்தான். அதையெல்லாம் நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்து படிக்க வகுப்பிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவர். இன்னொருத்தி பல் டாக்டர். அத்தை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பெண் கேட்டதற்காக உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். “எம்புள்ள அவ்வளவு தூரத்துல இருந்தாலும் ஒரு நாள் தவறாம கூப்பிட்டுடுவான். அதனால, எங்க இருந்தாலும் அவனுக்கு அம்மா நெனப்புதான்.”

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் முன்னால் கெட்டிக்காரியாகத் தெரிய வேண்டும் என்ற திமிர் வேறு. “வேற காரணம் இருக்கலாமே அத்தை. அவர் கூப்பிடுறது என் நம்பருக்கு. எடுத்ததும் கேக்குறது வாண்டு எங்கேன்னு. அப்புறம் எப்படி அது அம்மா நெனப்பாகும்?” என்றேன். வங்கிக்காரர் மேஜையைத் தட்டி, “ஆப்ஷன் சி, கரெக்ட்!” என்றார். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலிக் கோப்பைகளை எடுத்துப் போனார். அதில் ஒன்று காலியாகக்கூட இல்லை, அரை டீ இருந்தது.

அன்று மாலை நீங்கள் கூப்பிட்டபோது அத்தை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா எங்கே என்று கேட்டீர்கள், குளிக்கிறார் என்றேன். தூங்குகிறார் என்றேன். மாடியில் துணி எடுக்கிறார் என்றேன். எல்லாம் பொய். அந்த நேரமெல்லாம் அவர் சமையலறையில், உங்கள் குரல் கேட்கிற தூரத்தில், சும்மாதான் உட்கார்ந்திருந்தார். வாண்டு போய்க் கையைப் பிடித்து இழுத்தால், “உன்கிட்டப் பேசத்தான் கூப்பிடுறாரு, நீ போய்ப் பேசு சாமி” என்று அனுப்பிவிடுகிறார்.

மன்னிப்புக் கேட்காமல் இல்லை. விளையாட்டுக்குச் சொன்னேன் அத்தை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சினேன். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. நானும் யோசிச்சுப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு” என்றார். பிறகு என் பரீட்சை எப்போது என்று விசாரித்தார். இப்போதெல்லாம் பேசும்போது பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறார். மேகம் கறுத்திருக்கு என்பார், அதோடு சரி. குடையை மட்டும் எடுத்து என் பையில் வைத்துவிடுவார்.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. குழந்தையைத் தேடாத அப்பா உண்டா? ஆனால் இனி மாலையில் நீங்கள் அம்மா எங்கே என்று முதலில் கேட்டாலும், நான் சொல்லிக்கொடுத்துக் கேட்கிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அப்படி ஆக்கி வைத்திருக்கிறேன். சிரித்த வாய் என்னுடையது, சரி செய்ய உங்களால்தான் முடியும் என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அத்தையிடம் சொந்தமாக ஒரு போன் இருக்கிறதே, பொத்தான் போன், ஞாபகம் இருக்கிறதா? போன் கம்பெனியைத் தவிர அதில் யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் அதற்குச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் பல் விளக்கப் போகிறார். இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பத்தி பத்தியாகப் படித்து என்ன புண்ணியம்?

ஒரு வேலை நாளில், முற்பகலில் அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். வாண்டு பள்ளியில் இருப்பான். நான் இங்கே மூட்டைகளோடு இருப்பேன். வீட்டில் அவர் மட்டும்தான் இருப்பார். வாண்டுவைக் கேட்காதீர்கள். என்னையும் என் பரீட்சையையும் கேட்கவே கேட்காதீர்கள். இந்தக் கடிதம் வந்ததாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். என்னடா இந்த நேரத்துல, என்ன விஷயம் என்று பதறுவார். ஒரு விஷயமும் இல்லைம்மா, சும்மாதான் என்று சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு வேறு காரணம் தேட என்னாலும் முடியாது.

தலைகுனிந்து,
உங்கள் மனைவி