பெனிட்டாவின் கணக்குப் பாடம்

அன்புள்ள மனைவி சுஜாவுக்கு,

கர்த்தர் கிருபையால் தாராவியில் நானும் மகளும் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

நம் பெனிட்டாவைப் போலக் காது கேளாத பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் கணக்குக்குப் பதில் தையல் எடுக்கலாமாம். நேற்று பள்ளிக்கூடத்தில், என் வாயசைவு தெரியாதபடி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "இவளுக்குக் கணக்கு வராது டீச்சர், தையலே போதும்" என்றேன். அங்கே யார் எதைப் பேசினாலும் டீச்சர் அப்படியே கைச்சைகையில் பிள்ளைக்குச் சொல்லிவிடுவார். அது எனக்குத் தெரியாது.

மகள் கையை வேகமாக அசைத்தாள். டீச்சர் சிரித்தார். "கணக்குல பெயிலானது நீங்கதானாம், அவ இல்லையாம். டிப்ளமா படிக்கக் கணக்கு வேணுமாம்."

ஃபாரத்தில் கணக்கு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க, அவளுடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழை அனுப்பு. கூடவே நீ வறுத்து அரைத்த மசாலாப் பொடியும். கடைப்பொடிக் குழம்பு எங்களுக்கு இறங்கவில்லை.

பட்டறையில் கூப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்: நான் பெயிலானதை அவளுக்குச் சொன்னது நீதானே?

உன்,
தாவீது