ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைப் பூ

திருச்செங்கோடு
2-8-2025

பேத்தி கனிஷ்காவுக்கு, உன் அப்பாரு தங்கசாமி எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். எருமை மட்டும் என்னையக் கண்டா மொறைக்குது.

வாரம் ஒரு கடுதாசி யாருக்காச்சும் எழுதுன்னு காலேஜ் கவுன்சிலிங் மேடம் சொன்னாங்கன்னு, போயும் போயும் நாலாங்கிளாஸோட நின்னவனப் புடிச்சயே சாமி! தப்பிருந்தா செவப்பு மையில சுழிச்சு அனுப்பாத. அதுக்குப் பயந்துதான் பள்ளிக்கூடத்த உட்டு ஓடியாந்தேன்.

நீ மூணு வாரமா கிளாசுக்குப் போகாம ரூமுலயே படுத்திருக்கன்னு ஹாஸ்டல்ல இருந்து போன் வந்துச்சு. கெணத்துக்கு போர் போடற வண்டியோட ஒடிசா போன உங்கப்பன் சபரிநாதன் பாதியில திரும்பிட்டான். மீசையத் தடவிட்டே உக்காந்திருக்கான். எப்படி இருக்கன்னு ரெண்டு வரி எழுது. பொய்யா இருந்தாலும் பரவால்ல, நானும் அந்தச் சாதிதான்.

அப்பாரு

சேலம், லேடீஸ் ஹாஸ்டல்
7-8-2025

அப்பாரு,

பொய் எழுதணும்னா யோசிக்கணும். அதுக்குத் தெம்பு இல்ல.

அழுகையெல்லாம் இல்ல. ஒண்ணுமே இல்ல. எருமைய எழுதினது சிரிக்கற எடம்னு தெரிஞ்சுது. சிரிப்பு வரல.

எந்திரிச்சா ஒரு டிக், குளிச்சா ஒரு டிக், நோட்டுல போடச் சொல்லியிருக்காங்க மேடம். இந்த வாரம் நாலு. கூட இருக்கற ஷாலினி ஆத்தூர்ப் பொண்ணு. எதுவும் கேக்க மாட்டா. தலை பின்னி உடுவா, தட்டுல சோறு வெச்சுட்டு அவ பாட்டுக்குப் படிப்பா. டாக்டர் குடுத்த மாத்திரை வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகுமாம்.

அப்பா ஊட்டுக்கு வந்துருங்கறாங்க. எனக்கு முடிவு பண்ண வரல.

கனிஷ்கா

திருச்செங்கோடு
11-8-2025

நாலு டிக் வாங்கின மகராணிக்கு,

நேத்துக் கோயில்ல பூக் கேட்டோம். வெள்ளை வந்தா உன்னைய ஊட்டுக்குக் கூட்டியாறது, செவப்பு வந்தா அங்கியே உடறது. பூவ எலையில மடிச்சு ரெண்டு பொட்டணம் கட்டினது நானு. பூசாரி மக ஒண்ண எடுத்துக் குடுத்துச்சு. பிரிச்சா வெள்ளை. உங்கப்பன் கன்னத்துல போட்டுக்கிட்டான். அத்தனாம்பெரிய மீசைக்காரனுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

உங்கிட்ட மட்டும் சொல்றேன், ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைதான். சாமிக்கு வேலை மிச்சம். வம்பிழுக்க ஆளில்லாம ஊடே சப்புன்னு இருக்குது சாமி, அதான்.

இருவத்திமூணாந்தேதி சனிக்கிழமை உங்கப்பன் காரெடுத்துட்டு வாரான். பொட்டி கட்டி வெய்யி.

அப்பாரு

சேலம்
15-8-2025

அப்பாரு,

கடுதாசி வந்துச்சு. படிச்சுட்டுக் கோவம் வரணும். வரல.

ஊட்டுக்கு வந்தா அம்மா பக்கத்துல உக்காந்து ஏன் ஏன்னு கேட்டு அழுவாங்க. நான் அவங்களத் தேத்தணும். இங்க ஷாலினி இருக்கா. வியாழக்கிழமையானா மேடம் இருக்காங்க. புடிச்சு நிக்க எனக்கு இருக்கறது அவ்வளவுதான். அதைப் பொட்டியில கட்டிக் கொண்டுவர முடியாது.

சாமியே சொல்லிருச்சுன்னு அப்பா நம்பறாங்க. சாமிய எதுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்ல. அது நீங்க வெச்ச பூன்னு அப்பாவுக்குத் தெரியாது.

இனி எழுதல.

கனிஷ்கா

திருச்செங்கோடு
20-8-2025

சாமி,

உங்கப்பங்கிட்டச் சொல்லிட்டேன். ரெண்டும் வெள்ளைதான்டா, நாந்தான் கட்டினேன்னு, எழுவத்தஞ்சு வயசுல பெத்த மவன் முன்னால கையக் கட்டிட்டு நின்னேன். அவன் தட்டத் தள்ளி வெச்சான். சோறு உங்காம எந்திரிச்சுட்டான். மூணு நாளா எனக்கு மொகங்குடுக்கறதில்ல. நீ அங்கியே இருக்கோணுங்கறதும் சொன்னேன். காதுல வாங்கினானான்னு தெரியல.

சனிக்கிழமை வந்து என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. நான் உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். கேக்கல.

பதில் போடாட்டியும் சரி.

அப்பாரு

சேலம்
24-8-2025

அப்பாரு,

நேத்து அப்பா வந்தாங்க. ஹாஸ்டல் கேட்டுப் பக்கத்துல இருக்கற பெஞ்சுல உக்காந்து, "நீ என்ன சாமி சொல்ற?"ன்னு கேட்டாங்க. தெரியலைன்னேன். வேற எதுவும் கேக்கல. ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துட்டே இருந்தோம். அப்பறம், "இங்கியே இருக்கறேங்ப்பா"ன்னேன். சரின்னாங்க.

ஷாலினியக் கூப்படச் சொன்னாங்க. "அம்மிணி"ன்னு ஆரம்பிச்சாங்க. நெம்பர் மட்டும் வாங்கிக்கிட்டாங்க. கார்ல இருந்து முறுக்கு டப்பாவ எறக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க.

அப்பாவுக்கு உங்க மேல இன்னும் கோவந்தான். எனக்கும் வரணும்னு பாத்துட்டு இருக்கேன். வந்துச்சுன்னா மொதல்ல உங்களுக்குத்தான் எழுதுவேன்.

கனிஷ்கா