அந்தக் காகிதம் என் வார்த்தை இல்லை

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதும் கடிதம். இங்கே உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள். உன்னை வைத்திருக்கிற அறையில் ஒரு ஜன்னலாவது இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொன்னாள் அம்மா, கேட்டுவிட்டேன். கையெழுத்து அக்காவுடையது என்று பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், பேச்சு என்னுடையது. நான் சொல்வதை அப்படியே எழுது, திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் நாள் முழுக்க டிக்கெட் கிழிக்கிறவள் ஆயிற்றே, என் பேச்சையும் பாதியில் கிழிக்கப் பார்க்கிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை விசாரணையில் உன் முன்னால் ஒரு காகிதத்தை வைப்பார்கள், கீழே என் கைநாட்டு இருக்கும். கைநாட்டு என்னுடையதுதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இருக்கிற பேச்சு என்னுடையது இல்லை. நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் ராணுவ முகாமிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார், நல்ல உயரம், மரியாதையான ஆள், நாற்காலியை எனக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார். நாடாளுமன்றக் கதவைப் பூட்டு, உறுப்பினர் ஒருவரையும் உள்ளே விடாதே என்று நாட்டுத் தலைவரிடமிருந்து உத்தரவு வந்ததாம், சபை கூடியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கும்போது என்னால் பூட்ட முடியாது என்று நீ சொன்னாயாம், அதனால் உன்னை வேலையிலிருந்து விலக்கி ஓர் அறையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். உன் அம்மா அழ ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அந்தக் கதவு என்ன இவன் அப்பன் வீட்டுக் கதவா, பூட்டு என்றால் பூட்டிவிட்டு வர வேண்டியதுதானே என்று என்னைப் பார்த்துக் கத்தினாள், ஏதோ நான்தான் சாவியை ஒளித்து வைத்திருப்பதுபோல. அப்போது அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். என் மகன் இளரத்தம், அவனை மன்னித்து வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தது. நான் கட்டைவிரலை நீட்டிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து, அவர் விட்டுப்போன நகலைப் படித்தாள். அவர் படித்துக் காட்டாத இரண்டு வரி அதில் இருந்தது. என் மகன் சிறு வயது முதலே அடங்காத குணம் உள்ளவன் என்று ஒன்று. தலைவரின் சொல்லே சட்டம் என்று ஏற்று நடக்கும்படி தகப்பன் என்ற முறையில் அவனுக்கு ஆணையிடுகிறேன் என்று இன்னொன்று. முப்பத்து நான்கு வருஷம் கோர்ட்டு வாசலில் நின்று பேர் கூப்பிட்டவன் நான், எழுத்து தெரியாவிட்டாலும் காலையில் குமாஸ்தா ஒரு தடவை படித்தால் நாற்பது வழக்கின் பேரும் வரிசை மாறாமல் சொன்னவன். முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் விரலை வைக்காதீர்கள் என்று எத்தனை பேரிடம் தாழ்வாரத்தில் சொல்லியிருப்பேன், கடைசியில் என் விரலையே நான் காக்கவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நீ எப்படியாவது வீட்டுக்கு வந்தால் போதும் என்று இருந்தது, அதனால்தான் கேட்கவில்லை. உன் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, என் பிள்ளையா அடங்காதவன் என்று அந்த நகலை நாலாக மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். இப்போது மேசை ஆடுவதில்லை.

மறுநாள் அக்கா லீவு போட்டு என்னை முகாமுக்குக் கூட்டிப்போனாள். அதே அதிகாரி கேட்டுக்கு வெளியே வந்தார், என்னை நிழலில் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். என் கைநாட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அது கோப்பில் சேர்ந்து மேலே போய்விட்டது பெரியவரே, என்னையும் ஒருத்தர் அனுப்பித்தான் வந்தேன் என்றார். அந்த ஒருத்தர் யார் என்றேன். அந்தப் பேரைச் சொல்ல எனக்கு உத்தரவில்லை என்றார்.

“அப்படியென்றால் நாளைக்கு உங்கள் பேரைத்தான் கூப்பிடுவார்கள், தம்பி” என்றேன்.

அவர் கோபப்படவில்லை, குனிந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கே பாவமாகப் போயிற்று. அவருக்கும் வீடு வாசல் இருக்கும், யாரோ இரண்டு பிள்ளைகள் அவருக்காகக் காத்திருக்கும். நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீ பிறந்த வருஷம் ஒரு போலீஸ்காரர் வழக்கு நடந்தது. அடைத்து வைத்திருந்த ஆளை அடித்தே கொன்றுவிட்டதாகக் குற்றச்சாட்டு. கூண்டில் நின்று, மேலிருந்து சொன்னார்கள் செய்தேன் ஐயா என்று அழுதார். சொன்ன மேலதிகாரியைச் சாட்சிக்கு அழைத்தார்கள், நான்தான் வெளியே போய்க் கூப்பிட்டேன். மூன்று தடவை, தெருமுனைவரை கேட்கிற குரலில். யாரும் வரவில்லை. அந்தப் போலீஸ்காரருடைய மனைவி மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்து, தன்னைத்தான் கூப்பிட்டேனோ என்று சாப்பாட்டுத் தூக்கோடு என் முகத்தைப் பார்த்தாள். இல்லையம்மா, உட்கார் என்றேன். அன்றைக்குக் கூப்பிட்டுப் பதில் வராத பேர் இன்னும் என் வாயில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அதிகாரியாகி உறுதிமொழி எடுத்த நாளில் நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பேர் கூப்பிட்டுப் பழகிய காது, யார் பேர் வரப்போகிறது என்று காத்துக்கொண்டே இருந்தது. கடைசிவரை ஒருத்தர் பேரும் வரவில்லை. அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்றாய். பக்கத்தில் இருந்தவரிடம், ஒரு தலைவர் பேரைக்கூடச் சொல்லவில்லையே என்று கேட்டேன். தலைவர்கள் மாறுவார்கள், அதனால் சொல்வதில்லை என்றார். சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருப்பது நீ, நான் இல்லை. பயந்துபோய், இனி தலைவர் சொன்னபடி நடக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாலும் உனக்கு இந்த வீட்டில் சோறு உண்டு, ஒரு சொல் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். ஆனால் அப்பா சொல்லிவிட்டாரே என்பதற்காக மட்டும் எழுதிக் கொடுக்காதே. அப்பா சொல்லவில்லை. விசாரணையில் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு, என்னையும் கூப்பிடச் சொல், ஒரு தடவை கூப்பிட்டால் போதும், வந்து நிற்பேன்.

எதிர்வீட்டுத் தையல்காரர் இப்போது எங்களைப் பார்த்தால் ஊசிக்குள் நூலைக் கோர்க்கிற சாக்கில் தலையைத் திருப்பிக்கொள்கிறார், அதையெல்லாம் நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் உன்னைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் தினமும் ஒரு ரொட்டி கூடுதலாகக் கட்டுகிறார். அக்காவுக்குப் பஸ்ஸில் காலை ஷிஃப்டாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா உனக்குப் போர்வை அனுப்பியிருக்கிறாள், கதகதப்பாக இருக்கும், குளிருக்கு வீம்பு பண்ணாமல் போர்த்திக்கொள். கூடவே வைத்திருக்கும் பல்வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு, முன்னால் போடாதே. நீ நல்லபடியாக, தலை குனியாமல், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் வேறொருவர் பிரித்துப் படிப்பார் என்று அக்கா சொல்கிறாள். படிக்கட்டும். இதைப் பிரித்த தம்பி, இது உனக்கும் தகப்பன் வயதுள்ளவன் எழுதியது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, படித்ததைப் படித்தபடியே என் மகனிடம் கொண்டுபோய்க் கொடு. கொடுக்கும்போது அவன் சாப்பிட்டானா என்று ஒரு வார்த்தை கேள். நீயும் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா முழுசாகப் படித்துக் காட்டக் கேட்டபின் கைநாட்டு வைக்கும்
உன் அப்பா