அண்ணன் கொண்டுவந்த மெஷின்

11.5.08 ஞாயிறு
கத்திரி வெயில். சைக்கிள் பஞ்சர். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து மூன்று நாள். இன்று இரண்டாவது பெட்டியைப் பிரித்தான். கோடாலித் தைலம், சென்ட், ஒரு வெள்ளை மெஷின். பலகாரத்தை அதற்கென்று உள்ள கவரில் போட்டு, கவரின் வாயை மெஷினில் கொடுத்தால், காற்றை உறிஞ்சி, சூடு வைத்து ஒட்டிவிடுகிறது. "மாசக் கணக்குல நமுத்துப் போவாது," என்றான். தெருவே வந்து பார்த்தது. முதலில் முறுக்கு. உறிஞ்சிய உறிஞ்சில் நொறுங்கிவிட்டது. அம்மா அதையும் அள்ளித் தின்று, "பொடியா இருந்தாலும் ருசிடா." நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியிலிருந்து ஜாடி கொண்டுவந்தபோது இதே அம்மா, "இந்த மண்ணையெல்லாம் எங்க வைக்கிறது?"

சேத்தியாத்தோப்பிலிருந்து மாமன் மகள் மலர் வந்திருந்தாள். மெஷினை விட்டு நகரவில்லை. அண்ணனை விட்டும்.

13.5 செவ்வாய்
காலையில் வீட்டில் கரண்ட் இல்லை. கம்பெனியில் சூளையிலிருந்து சரக்கு இறக்கினோம். கையில் கொப்புளம். மேஸ்திரிக்கு ஃபேன், எங்களுக்கு அனல்.

சாப்பிடும்போது அம்மா, என்னைப் பார்க்காமல்: "வெள்ளிக்கிழம மாமா வூட்டுக்குப் போவணும். மலரப் பெரியவனுக்குக் கேக்கப் போறோம்."

"எனக்குன்னுதானம்மா பேச்சு?"

"அப்ப அவன் கல்யாணமே வேணாம்னான். நீதான் பொறுத்துக்கணும்."

அண்ணன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். அங்கே கட்டடத்தில் கம்பி கட்டுகிறான். ஒரே ரூமில் பன்னிரண்டு பேர். அங்கே கூலி, ஏரோப்ளேனில் இறங்கினால் மாப்பிள்ளை. நான் இங்கேயும் கூலி, எங்கேயும் கூலி.

15.5 வியாழன்
வாங்க: வெற்றிலை, கல்கண்டு, பூ.

அம்மா அதிரசம் சுட்டாள். "தட்டுல சும்மா அடுக்கிட்டுப் போனா யாரு மதிப்பா? மெஷின்ல போடுடா." அண்ணன் முடி வெட்டப் போய்விட்டான். போட்டது நான். அதிரசமெல்லாம் ஒன்றோடொன்று அமுங்கி, நெய் கசிந்து, செங்கல். சொல்லவில்லை. மிச்சத்தையும் போட்டேன்.

16.5 வெள்ளி
சேத்தியாத்தோப்பு. பஸ்ஸில் நின்றே போனேன்.

மலரின் அம்மா பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன நாத்தனாரே, பொண்ணு கேக்க வந்தீங்களா, கடைக்குச் சரக்கு போட வந்தீங்களா? பலகாரத்த இப்படியா பூட்டிக் கொண்டாருவாங்க?"

அம்மா முகம் செத்துவிட்டது. அண்ணன் பதறிப்போய்க் கத்தரிக்கோல் கேட்டான்.

"நல்ல காரியத்துல கத்திரியா!" என்றாள் அத்தை.

எனக்கு உள்ளுக்குள் பட்டாசு.

மலர் உள்ளேயிருந்து வந்தாள். ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். பிய்த்து மாமா கையில் ஒரு துண்டு, தன் வாயில் ஒரு துண்டு. "நல்லாத்தாம்மா இருக்குது. சும்மா கத்தாத." அத்தை சிரித்துவிட்டாள். தட்டு மாற்றினார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

18.5 ஞாயிறு
துணி துவைத்தேன். தலைவலி.

அம்மா செல்லுக்கு மலர் போன். நான் எடுத்தேன். "மாமா, சிங்கப்பூர்ல பொம்பளைங்கல்லாம் பேன்ட்டுதான் போடுவாங்களாமே. நான் போட்டா உங்க அண்ணன் எதாச்சும் சொல்லுவாங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கம்பி கட்டுகிறவன் பெண்டாட்டியைக் கூட்டிப்போக அங்கே விட மாட்டார்கள். போன லீவில் அண்ணனே சொன்னது. நேரே போய், "அவகிட்ட சொன்னியா?" என்றேன்.

"தாலி ஏறட்டும்டா. அப்புறம் சொல்லிக்கலாம்."

செல் அடிக்கிறது. அவள்தான்.